ஒரே ஒரு வயல்

மண்கண்ணாடியில் நீலம் மட்டும்தான் தெரிந்தது. குழாயைப் பிடுங்கி, முந்தானையால் துடைத்து, இன்னோர் இடத்தில் செருகினேன். அங்கேயும் நீலம். வரப்பைத் தாண்டிப் பவுனாம்பாள் வயலில் செருகினேன். அதே நீலம். எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு வந்தது பயத்தோடு சேர்ந்து வந்த கோபம்.

குறிச்சிமங்கலம் பாசன சங்கத்தில் மண் பார்ப்பது என் வேலை. மண்கண்ணாடி என்பது முழ நீளக் குழாய். சேற்றில் செருகினால் அந்த இடத்து மண்ணில் எத்தனை வகை நுண்ணுயிர்கள் இருக்கின்றனவோ அத்தனை நிறத்தில் புள்ளிகள் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்தால் தேர்த்திருவிழாக் கடையின் வளையல் வரிசைதான் நினைவுக்கு வரும். வருஷம் போகப் போக ஒவ்வொரு நிறமாகக் கழன்றது. அந்த வருஷம் முதல் மழை பெய்தபோது மண் வாசனையே எழவில்லை. எனக்குத்தான் மூக்கடைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மக்கு நான். வாசனையைக் கிளப்புகிற உயிரே மண்ணில் செத்துவிட்டிருக்கிறது.

மிச்சமிருந்த நீலத்துக்குப் பெயர் அன்னம். சங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனி ஆய்வுக்கூடத்தில் செய்த பாக்டீரியா. காற்றிலிருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்து நெல்லின் வேருக்கு ஊட்டும். அது வந்த பிறகு எங்கள் ஊரில் யாரும் யூரியா மூட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. நெல், நெல், மறுபடியும் நெல். நிலத்துக்கு ஓய்வும் இல்லை, மாற்றுப் பயிரும் இல்லை.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். வீரையன் என் கூடப்பிறந்த அண்ணன், சங்கத்துக்குத் தலைவர். முகத்தில் பாதிச் சோப்போடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார்.

"அண்ணே, மண்ணுல ஒரே ஒரு வகைதான் மிச்சம் இருக்கு."

"நல்லதுதானே? அன்னம் நல்லாப் பெருகியிருக்குன்னு அர்த்தம்."

"என்னாத்த நல்லது? ஒரு தெரு பூரா எல்லா வூட்டுக்கும் ஒரே பூட்டு போட்டிருக்குன்னு வெச்சுக்க. திருடனுக்கு எத்தன சாவி வேணும்?"

"எந்தத் திருடன்டி?"

"பாக்டீரியாவத் திங்கிற வைரஸு இருக்குண்ணே. ஒரு வைரஸு ஒரு வகையத்தான் திங்கும். முன்னெல்லாம் ஒண்ணத் தின்னா, அது பாத்த வேலைய இன்னொண்ணு பாக்கும். இப்ப அன்னத்தத் தின்னுட்டா வேல பாக்க மண்ணுல யாரு இருக்கா? மேக்க ஒரு ஊருல போன வருசம் ஆயிட்டு. திங்கக்கெழம பச்சையா நின்ன பயிரு வெள்ளிக்கெழமைக்குள்ள மஞ்சளாப் போச்சு. அதுக்கப்பறம் என்ன வெச்சாலும் வரல, புல்லு உள்பட."

சவரக்கத்தி பாதியில் நின்றது. "அதுக்கு என்ன செய்யச் சொல்ற?"

"மாத்துப் பயிரு. சம்பா அறுத்ததும் உளுந்து போடணும்."

அண்ணன் தாடையை வெட்டிக்கொண்டார். சோப்பில் சிவப்பு இறங்கியது. "ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியும்ல? நெல்லத் தவுர வேற எது மொளச்சாலும் அந்த வயல சங்கம் எடுத்துக்கணும். நான்தான் கையெழுத்துப் போட்டு எடுக்கணும். ஒனக்கு இருக்கறதே முக்கா ஏக்கரு."

"அதான் கூட்டத்தக் கூட்டுங்கறேன். கேட்டுட்டே செய்வோம்."

கூட்டினார், பாவம். சங்கக் கட்டடத்தில் காற்றாடி ஓடாத மத்தியானம். எல்லாருமே வந்திருந்தார்கள். எனக்கு நேராக உட்கார்ந்திருந்தவள் பவுனாம்பாள். என் வயலில் பாய்ந்து வடிகிற தண்ணீர்தான் அவள் வயலுக்குப் போகும். ஆகவே, நான் தும்மினாலும் அவளுக்கு அதில் ஒரு வழக்கு உண்டு.

"அன்னம் தனியா வேல பாக்காது" என்று ஆரம்பித்தேன். "கூட்டமா இருந்தாத்தான் பாக்கும். ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பித் தலைய எண்ணிக்கும். போதுமான தல இருந்தா எல்லாம் ஒண்ணா வேலய ஆரம்பிக்கும். இல்லன்னா எல்லாம் சுருண்டு படுத்துக்கும். வேற பயிரு வெச்சா வெதையோட ஒட்டி வர்ற வேற பாக்டீரியாவ அதோட வேரு வளக்கும், அன்னத்தோட தல கொறையும். அதனாலதான் கம்பெனி நெல்லத் தவுர வேற வைக்கக் கூடாதுங்குது."

"அப்ப நீயே சொல்லிட்ட. வைக்கக் கூடாது" என்றாள் பவுனாம்பாள்.

"முழுசாக் கேளு. நம்ம பாசனத்துல நூறு வயலு இருக்கு. பத்து வயலு மாறினாத்தான் கூட்டம் கலையும். ஒரே ஒரு வயலு மாறினா அன்னத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது. உளுந்து வேருல முண்டு முண்டா வரும் பாருங்க, அதுக்குள்ள இருக்கறதும் பாக்டீரியாதான். அதுவும் தழச்சத்துக் குடுக்கும். அதுக்குப் பின்னாலயே மத்த பாக்டீரியாவும் வரும். வெத நெல்லு எடுத்து வைக்கிற மாதிரி, ஒரு வயல்ல உசுருள்ள மண்ண எடுத்து வைப்போம். அன்னம் செத்த அன்னிக்கு அந்த ஒரு வயலுதான் பொழச்சு நிக்கும். அங்கேருந்து மண்ண எடுத்து மத்த வயலுக்குத் தூவிக்கலாம். என் வயலயே எடுத்துக்கங்க. நட்டம் எனக்கு."

பயந்துவிட்டார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒன் வயல் தண்ணிதானடி என் வயலுக்கு வருது" என்று பவுனாம்பாள் எழுந்தாள். "ஒன் வயல்ல உளுந்து மொளச்சா எனக்குல்ல வந்து விடியும்? நான் ஒத்துக்க மாட்டேன்."

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கத்தினார்கள். கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அன்னத்துக்கு அவர்கள் கொடுக்கும் தீனி நின்றுபோனால் என்ன ஆகும், இவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை. சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று அண்ணன் சொன்னபோது ஒரு கைதான் நின்றது, என்னுடையது. என் வீட்டுக்காரர் மாசிலாமணி பக்கத்திலேயே உட்கார்ந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒங்க கையி என்ன கட்டிப்போட்டா இருந்துச்சு?"

மனிதர் வாயைத் திறந்தால்தானே! கிணற்றில் போட்ட கல். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "வயலு போயிட்டா என்ன பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார்.

"மண்ணு செத்துட்டா வயல வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்றேன். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். யார் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் உளுந்து போடப் போகிறேன்.

எங்கள் பக்கத்து உளுந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் அறுத்து, உழுது, பிறகு விதைப்பார்கள். நாங்கள் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே, நெல் நிற்கும்போதே அதற்குள் உளுந்தைத் தெளிப்போம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் புதையவும் கூடாது, வெடித்திருக்கவும் கூடாது. நெல்லுக்கடியில் நிழலில் முளைத்து, அறுப்பு முடிந்த அன்று வெயிலைப் பார்க்கும். மேலேயிருந்து படமெடுக்கிற கம்பெனியின் பறக்கும் கருவிக்கு நெல்தான் தெரியும். எங்கள் முன்னோர் எனக்காகவே செய்துவைத்த ஏற்பாடு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மன்னார்குடி மளிகைக் கடையில் தொலி எடுக்காத கறுப்பு உளுந்து வாங்கினேன். களி கிண்டத்தான் என்று கேட்காமலே சொன்னேன். ஈரத்துணியில் கட்டிப் பார்த்தேன், முளைத்தது. ஆனால் விதை மட்டும் போதாது. முண்டுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா எங்கள் வயல்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. அது எங்கே உயிரோடு இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்னம் தெளிக்காத மண் ஊரில் ஒன்றே ஒன்றுதான், சுடுகாட்டுத் திடல். அங்கே கொழுஞ்சிச் செடி தானாக மண்டிக் கிடக்கும். அதன் வேரிலும் அதே முண்டுதான், அதற்குள் அதே உயிர்தான்.

எங்கள் ஊரில் பெண்கள் அந்தத் திடலை மிதிப்பதில்லை. புருஷன் செத்தாலும் பெண்டாட்டியைத் தெருமுனையோடு நிறுத்திவிடுவார்கள். ஆட்டுக்குப் புல் அறுப்பவள் மாதிரி அரிவாளும் கூடையுமாக, நல்ல வெயிலில், நான் போனேன். முதல் அடி வைக்கும்போது பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? இரண்டாவது அடியில் சரியாகிவிட்டது. கொழுஞ்சியை வேரோடு பிடுங்கினேன். மண்கண்ணாடியை அங்கே செருகிப் பார்த்தேன். பச்சை, சிவப்பு, மஞ்சள், பெயர் தெரியாத நிறமெல்லாம். செத்தவர்களைப் போடுகிற இடத்தில்தான் எங்கள் ஊர் மண் உயிரோடிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

முண்டுகளை நசுக்கிக் கஞ்சியில் கலந்து, உளுந்தை அதில் புரட்டி, நிழலில் உலர்த்தினேன். தெளிப்பது சுலபம். அன்னத்துக்கு வாரா வாரம் தீனி போட வேண்டும். தீனி என்பது கறுப்பாகக் குருணை குருணையாக ஒரு சர்க்கரைச் சரக்கு. அதை வாளியில் எடுத்துக்கொண்டு எல்லா வீட்டிலிருந்தும் வயலில் இறங்குவார்கள். என் வாளியில் பாதி தீனி, பாதி உளுந்து. பட்டப்பகலில் தெளித்தேன். பக்கத்து வயலில் பவுனாம்பாளும் வாளியோடு நின்றாள்.

"என்னடி, இன்னும் கோவமா?" என்று கேட்டாள்.

"ஒன் மேல கோவப்பட்டு என் வாயி வலிக்கறதுதான் மிச்சம்" என்று கையை வீசிக்கொண்டே சொன்னேன்.

அறுப்பு நாள் வந்தது. மிஷின் மேலக்கரையில் வந்து நின்றபோதே கம்பெனி அதிகாரி நிரஞ்சனின் வண்டியும் வந்துவிட்டது. அறுப்புக்கு அவர் வருவதே இல்லை. நல்ல மனிதர், சின்ன வயது, யாரையும் மரியாதை குறைத்துப் பேசாதவர். அன்றைக்கு அவர் முகம் வெளுத்திருந்தது.

"தலைவரே, எல்லாரையும் கூப்பிடுங்க" என்றார். ஊர் கூடியதும் சொன்னார். "உங்க ஊர் அன்னத்தோட எண்ணிக்கை நேத்து வேலையே நிக்கிற விளிம்புக்கு வந்துடுச்சு. ஒரே வாரத்துல இவ்வளவு கொறையுறதுக்கு வாய்ப்பே இல்ல. யாரோ மண்ணுல வேற எதையோ போட்டிருக்கீங்க."

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பின. பவுனாம்பாள்தான் முதலில் திரும்பினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வயலால் இது ஆகவே ஆகாது, என் கணக்கு அவ்வளவு மட்டமானது இல்லை. இருந்தாலும் தெளித்தது தெளித்ததுதானே. ஒளிய எனக்குத் தெரியாது.

"நாந்தான்" என்றேன். "என் வயல்ல உளுந்து தெளிச்சேன். என் வூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. எடுக்கறதுன்னா வயல எடுத்துக்கங்க. ஆனா அந்த உளுந்து மேல யாரும் கைய வைக்கக் கூடாது. அது காச்சு முடியற வரைக்கும் நான் வரப்ப விட்டு எறங்க மாட்டேன்."

மாசிலாமணி இருமினார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல இவ வயல அறுங்க" என்றார் மிஷின்காரனிடம்.

மிஷின் என் வயலில் இறங்கியது. அது போன பாதையில் மஞ்சள் விலகி, கீழே பச்சை தெரிந்தது. இரண்டு இலை விட்ட உளுந்து. பார்த்ததும் எனக்கு மார்பு நிறைந்துவிட்டது. அடுத்த நொடி நெற்றி சுருங்கியது. நான் தெளித்தது இவ்வளவு இல்லை. கால் வைக்க இடமில்லாமல் முளைத்துக் கிடந்தது.

"கை ரொம்ப தாராளமா போட்டிருக்கீங்க" என்றார் நிரஞ்சன்.

நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க?"

"புதங்கெழம நீ சங்கத்துக்குப் போயிருந்தப்ப..." என்று இழுத்தார். "ஒனக்குத் தெரிஞ்சா, மாட்டிக்கிட்டா நீயும்ல மாட்டிப்பன்னு சொல்லல."

இத்தனை பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது மிஷின் அடுத்த வயலுக்குத் திரும்பியது. "அங்க வேணாம்" என்று பவுனாம்பாள் கத்தினாள். சத்தத்தில் மிஷின்காரனுக்குக் கேட்கவில்லை. மஞ்சள் விலகியது. கீழே பச்சை.

"தண்ணில அடிச்சுக்கிட்டு வந்திருக்கும்" என்றாள் பவுனாம்பாள், யாரும் கேட்பதற்கு முன்னால்.

அதற்கடுத்த வயலில் இறங்கியது. அங்கேயும் பச்சை. திரும்பி மேலே வந்து அறுத்த வயலிலும் பச்சை. அது என் வயலுக்கு மேட்டுப்பக்கம், தண்ணீர் ஏறிப் போகாது. ஒவ்வொரு வயல் திறக்கத் திறக்க, அதற்குச் சொந்தக்காரர் கூட்டத்தில் பின்னுக்கு நகர்ந்தார். கடைசியில் மிஷின் அண்ணன் வயலை நோக்கிப் போனபோது அவர் இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினார்.

"இது கெடக்கட்டும். நாளைக்கு அறுத்துக்கலாம்" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஊரே சிரித்தது. மன்னார்குடி மளிகைக் கடைக்காரன் அண்ணனிடம், உங்கள் ஊருக்கே ஒரே வாரத்தில் களி ஆசை வந்துவிட்டதா என்று கேட்டானாம். அதைக் கேட்ட பிறகும் தனக்கு உறைக்கவில்லை என்று அண்ணனே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் தலைக்கேறியது.

"ஏன்டி, ஒரு வயலுன்னுதானேடி சொன்னேன்!" என்று பவுனாம்பாளைப் பிடித்தேன். "எந்திரிச்சு நின்னு வேணாம்னு கத்தினியே?"

அவள் தலை குனிந்தது. அவள் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. "ஒரு வயலுதான் தாங்கும்னு நீதானே சொன்ன. அன்னம் செத்தா அந்த ஒரு வயலுதான் பொழைக்கும்னும் சொன்ன. ராத்தூக்கமே போச்சு. அந்த ஒண்ணு என்னுதா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். நீயும் போட்டா ரெண்டாயிடும்ல? அதான் கத்தினேன்."

யாரும் சிரிக்கவில்லை இப்போது. ஒவ்வொருவரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். ஊர் அழிந்தாலும் தன் வயல் நிற்க வேண்டும் என்று. அப்படி நினைத்து நினைத்தே எல்லாருமாக அன்னத்தைக் கலைகிற விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள்.

நிரஞ்சன்தான் பேசினார். "இன்னும் கை மீறிப் போகல. இன்னிக்கே மடையத் தெறந்து மூணு நாள் வயல்ல தண்ணியத் தேக்கி வைங்க. உளுந்து அழுகிடும். புது அன்னம் கம்பெனியே குடுக்கும். யார் வயலையும் யாரும் எடுக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு." என் பக்கம் திரும்பினார். "நான் உங்களுக்கு எதிரி இல்லம்மா. அன்னம் இல்லாம அடுத்த போகம் நெல்லு வராது. இத்தன குடும்பமும் என்ன சாப்பிடும்? நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. ஊர் என் வாயைப் பார்த்தது. நான் மழுப்பவில்லை.

"அடுத்த போகம் நெல்லு இல்ல" என்றேன். "உளுந்து வரும், அதுவும் பாதிதான். நீங்க யாரும் வேருக்கு ஒண்ணும் போடல. சுடுகாட்டுத் தெடல்ல கொழுஞ்சி பிடுங்கி, அந்த முண்டக் கரச்சு எல்லா வயலுக்கும் ஊத்தணும். பொம்பளைங்களும் வரணும், ஆளு பத்தாது. அதுக்கப்பறம் எள்ளு, சணப்பு, மாத்தி மாத்தி வைக்கணும். நெல்லு பழயபடி எப்ப வரும்னா எனக்குத் தெரியாது. ரெண்டு வருசமும் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். வயித்தக் கட்டணும். ஆனா வந்தா அது நம்ம மண்ணுல வந்ததா இருக்கும். வேணாம்னா மடையத் தெறங்க. நான் தடுக்க மாட்டேன். இது இப்ப என் ஒருத்தி வயலு இல்ல."

அண்ணன் மடையைத் திறக்கும் திருகுச்சாவியைக் கையில் எடுத்தார். அது தலைவரிடம்தான் இருக்கும். அவர் எந்தப் பக்கம் போவார் என்று எனக்கே தெரியவில்லை. தூக்கிய பிறகு அவரும் அப்படியே நின்றார். இரண்டு வருஷப் பசி என்பது சின்ன வார்த்தை இல்லை.

பவுனாம்பாள் அவரைத் தாண்டிக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் தலைப்பில் மடைப் பலகைமேல் ஏறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தெறக்கறதுன்னா என்னத் தூக்கிப் போட்டுட்டுத் தெறந்துக்கங்க" என்றாள். "ஊருக்குத் தெரியாமப் போட்டேன். ஊரறிய அழிக்க மாட்டேன்."

அவளைத் தூக்க நாலு ஆள் வேண்டும், ஒருவர்கூட முன்வரவில்லை. கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராகக் கலைந்து கொழுஞ்சி தோண்ட மண்வெட்டி எடுக்கப் போனார்கள். அண்ணன் மெதுவாக நடந்து மடையருகே போனார். கையிலிருந்த திருகுச்சாவியைப் பவுனாம்பாள் மடியில் போட்டார்.

"பத்திரமா வெச்சுக்க, பவுனு" என்றார். "பசி தாங்காம நானே வந்து கேட்டாலும் குடுக்காத."